பட்டாணி அளவு ரப்பரும் நான்கு நாள் தாமதமும்

குடலிலிருந்து எடுத்த ரப்பர் துண்டு பட்டாணியைவிடக் கொஞ்சம்தான் பெரிது. ரிமோட்டின் பொத்தான் ஒன்றைக் கடித்துப் பிய்த்து விழுங்கியிருக்கிறது. விழுங்கியது என் 11 மாத ஆண் ஃபெரட் (கீரி போல நீண்ட உடம்புள்ள, வீட்டில் வளர்க்கும் சிறு பிராணி), எடை 1.24 கிலோ, அதுவரை ஒரு நாள்கூட நோய் என்று படுத்ததில்லை. தீனியைக் குறைத்த நாளிலிருந்து அறுவை சிகிச்சை வரை நான்கு நாள் போனது. அதில் மூன்று நாள் முழுக்க என் அறியாமையால் வீணானவை. ஃபெரட்டை வாங்கிய விலையைப்போலப் பல மடங்கு சிகிச்சைக்குச் செலவானது. அதன் பிறகு மூன்று வாரம், ராத்திரியும் பகலும் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ஊட்ட வேண்டியிருந்தது. பணத்தையும் தூக்கத்தையும்கூட மறந்துவிடலாம். மூன்றாம் நாள் இரவு அது மூலையில் சுருண்டு பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டே கிடந்ததும், அது வலியின் அடையாளம் என்று தெரியாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததும்தான் இன்னும் மனதை அறுக்கிறது. யாராவது முன்னாலேயே நாலு வார்த்தை சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது. அந்த நாலு வார்த்தையை இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் நாள் கண்ணில் பட்டது ஒன்றுதான்: காலையில் வைத்த தீனி மாலையிலும் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. வெயில் அதிகம், அதனால் பசி இல்லை போல என்று நினைத்துவிட்டேன். நாயோ பூனையோ ஒரு வேளை தின்னாவிட்டால் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டோம். ஃபெரட்டுக்கு அந்தக் கணக்கு செல்லாது. அதன் குடல் மிகக் குட்டை. நம் குடலில் இருக்கும் பெருங்குடல்வாய்ப் பை அதற்குக் கிடையவே கிடையாது. தின்றது மூன்று நான்கு மணி நேரத்தில் மலமாக வெளியே வந்துவிடும். அதனால்தான் நாள் முழுக்கக் கொஞ்சம் தின்பதும் தூங்குவதும் மறுபடி எழுந்து கொஞ்சம் தின்பதுமாகவே அதன் பொழுது போகிறது. அதன் உடம்பு இந்த வேகத்துக்கே பழகியது. ஒரு நாள் முழுக்க வயிறு காலியாக இருந்தால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கத் தொடங்கும், நீர் வற்றும், இரைப்பையில் புண் வரும். இப்போது நான் வைத்திருக்கும் விதி இது: 12 மணி நேரம் கிண்ணத்தைத் தொடவில்லை என்றால் மருத்துவருக்குப் போன், 24 மணி நேரம் என்றால் எதையும் யோசிக்காமல் நேரில் தூக்கிக்கொண்டு போவது. ஒன்றுக்கு மேற்பட்ட ஃபெரட்டுகள் ஒரே கிண்ணத்தில் தின்றால் யார் தின்றது, யார் தின்னவில்லை என்று தெரியாது. சந்தேகம் வந்த உடனே ஒன்றைத் தனிக் கூண்டில் வைத்து, தீனியை நிறுத்து வைத்தால்தான் உண்மை தெரியும்.

இரண்டாம் நாள் அடையாளங்கள் எல்லாமே வந்துவிட்டன. வாயை முன்னங்காலால் உரசியது, எச்சில் வழிந்தது, தாடைக்குள் பல் அரைபடும் சத்தம் கேட்டது. பல்வலி என்று முடிவுசெய்து வாயைத் திறந்து திறந்து பார்த்ததில் ஒரு பகல் போனது. இந்த மூன்றும் ஃபெரட்டிடம் குமட்டலுக்கும் வயிற்று வலிக்கும் உரிய அடையாளங்கள். குடல் அடைத்தால் வாந்தி வரும் என்று காத்திருக்கக் கூடாது. நாய் பூனை அளவுக்கு ஃபெரட் வாந்தி எடுப்பதில்லை, பல அடைப்புகளில் ஒரு தடவைகூட எடுக்காது. மலம்தான் உண்மையைச் சொல்லும். நலமாக இருக்கும் ஃபெரட்டின் மலம் பழுப்பு நிறத்தில், சிறு விரல் தடிமனில், பற்பசையைப் பிதுக்கியது போல ஒரே பதமாக இருக்கும். அன்று வந்தது பென்சில் முனை போல மெல்லியதாக, துண்டு துண்டாக இருந்தது. அடுத்த நாள் அதுவும் இல்லை. மலம் மெலிந்துகொண்டே போனால் வழி அடைபடுகிறது என்று அர்த்தம். தார் போலக் கறுத்து ஒட்டினால் மேலே எங்கோ, இரைப்பையிலோ சிறுகுடலின் தொடக்கத்திலோ ரத்தம் கசிகிறது. பச்சை நிறத்தில் கோழையாக வந்தால் தீனி நிற்காமல் வேகமாக ஓடிவிடுகிறது அல்லது தீனியே உள்ளே போகவில்லை. தினை அரிசி போலச் சிறு மணிகள் கலந்து வந்தால் கொழுப்பும் மாவுச்சத்தும் செரிக்காமல் வெளியேறுகின்றன. புதிதாக ஒரு ஃபெரட் வீட்டுக்கு வந்த சில நாளில் பழைய ஃபெரட்டுகளுக்குப் பச்சைக் கழிச்சல் வந்தால், அது பெரும்பாலும் ஃபெரட்டுகளுக்கே உரிய கொரோனா வைரஸ் குடலழற்சிதான். குட்டிகள் லேசாகத் தாண்டிவிடும், வயதானவை படுத்துவிடும். புதியதை இரண்டு வாரமாவது தனியறையில் வைப்பது இதற்காகத்தான்.

மூன்றாம் நாளை மருத்துவரைத் தேடுவதிலேயே தொலைத்தேன். அழைத்த இடங்களில் பாதிப் பேர் நாய், பூனைக்கு மட்டும்தான் பார்ப்போம் என்றார்கள். ஓரிடத்தில் முடி உருண்டைக்குக் கொடுக்கும் பசையைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கச் சொன்னார்கள். அந்தப் பசை உதிர்ந்த முடி சேராமல் வழுக்கி வெளியேற உதவுவது. குடலில் இறுகிக்கொண்ட ரப்பரை அது அசைக்காது. அதை நம்பி இன்னும் 20 மணி நேரம் போனது. ஃபெரட்டை வீட்டுக்குக் கொண்டுவரும் முன்பே மருத்துவரைப் பிடித்து வைத்துவிடுங்கள், தீனி வாங்குவதுகூட அதற்குப் பிறகுதான். போனில் நான்கு கேள்வி கேட்டால் போதும். ஃபெரட்டுகளை வழக்கமாகப் பார்க்கிறீர்களா, வயிற்றைத் திறந்து அறுவை சிகிச்சை செய்ததுண்டா? அறுவைக்கு முன் எத்தனை மணி நேரம் பட்டினி போடச் சொல்வீர்கள்? டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய்க்கு ஃபெரட்டுக்கு ஏற்ற தடுப்பூசி உங்களிடம் உண்டா? இரவில் அவசரம் என்றால் யாரை அழைப்பது? இரண்டாவது கேள்விதான் உரைகல். மூன்று நான்கு மணி நேரம் என்று சொல்பவருக்கு ஃபெரட்டைத் தெரியும். முந்தைய இரவிலிருந்தே எதுவும் கொடுக்க வேண்டாம் என்பவர் அதை நாயாக நினைத்துப் பேசுகிறார்.

நான்காம் நாள் காலை எடை 1.08 கிலோ. கண் உள்வாங்கி, ஈறு ஒட்டிப் பிசுபிசுத்தது. நீர்வற்றலைப் பார்க்கப் பிடரித் தோலைக் கிள்ளிப் பார்ப்பது வழக்கம், ஆனால் ஃபெரட்டின் பிடரித் தோல் இயல்பிலேயே தடிப்பானது, அதை நம்ப முடியாது. மேல் இமைத் தோலை மெல்லக் கிள்ளிவிட்டு அது எவ்வளவு நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்புகிறது என்று பாருங்கள். ஈறு ஈரமாக வழுக்குகிறதா, விரலில் ஒட்டுகிறதா என்றும் தொட்டுப் பாருங்கள். எக்ஸ்ரேயில் ரப்பர் தெளிவாகத் தெரியவில்லை. இரைப்பையும் குடலின் மேல் பகுதியும் காற்றால் உப்பியிருந்ததும், ஓரிடத்துக்குக் கீழே குடல் வெறுமையாக இருந்ததும்தான் தெரிந்தன. அல்ட்ராசவுண்டு அந்த இடத்தை உறுதி செய்தது. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்று சொன்னால் அதோடு திரும்பி வந்துவிடக் கூடாது என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன். ரப்பர், நுரைப்பஞ்சு, துணி போன்றவை எக்ஸ்ரேயில் பல நேரம் நிழலாகக்கூட விழாது. முதலில் நரம்பு வழியே நீர் ஏற்றி, சர்க்கரை அளவைப் பார்த்துச் சரிசெய்து, உடம்பைச் சூடாக்கிய பிறகுதான் மயக்க மருந்து கொடுத்தார்கள். ஒரு கிலோ உடம்பு மயக்கத்தில் நிமிடங்களில் குளிர்ந்துவிடும். ஃபெரட்டின் இயல்பான உடல் வெப்பம் 37.8 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை. அதற்குக் கீழே போனால் எழுந்திருப்பது தாமதமாகும். குடல் சுவர் இன்னும் சாகவில்லை, அதனால் ஒரு வெட்டு, சில தையலோடு முடிந்தது. இன்னும் ஒரு நாள் தள்ளியிருந்தால் குடலில் ஒரு துண்டையே வெட்டி எடுக்க வேண்டியிருந்திருக்கும் என்று அறுவை செய்த மருத்துவர் சொன்னபோது தலை நிமிர முடியவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு செய்ய வேண்டியதை யாரும் விளக்கமாகச் சொல்வதில்லை. ஊட்டும் கஞ்சி இப்படி: மாமிச உண்ணிகளுக்கான நோயுற்றகால மாவு கிடைத்தால் அது நல்லது. இல்லாவிட்டால் வெங்காயமோ பூண்டோ உப்போ சேர்க்காமல் வேகவைத்த கோழியை அது வெந்த நீரோடு சேர்த்து மையாக அரைத்து, அது வழக்கமாகத் தின்னும் தீனியைச் சுடுநீரில் ஊறவைத்துக் குழைத்துக் கலக்க வேண்டும். சிரிஞ்சு முனையில் அடைக்காமல் இறங்கும் பதம்தான் சரியான பதம். மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். ஆறியதை எதுவும் நக்காது. முதல் நாள் ஒரு தடவைக்கு 2 முதல் 5 மில்லி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. பிறகு மெல்ல ஏற்றி 10 முதல் 15 மில்லி, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை. சிரிஞ்சைக் கடைவாய்ப் பக்கமாக நுழைத்து அரை மில்லி அரை மில்லியாக விட்டு, விழுங்கிய பிறகே அடுத்தது. மல்லாக்கப் படுக்கவைத்து ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். வயிறு தரையைப் பார்த்தபடி, தலை இயல்பாக நிமிர்ந்திருக்க வேண்டும். தண்ணீர்க் கணக்கு, கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு 75 முதல் 100 மில்லி, கஞ்சியில் இருப்பதையும் சேர்த்து. மீதிக் கஞ்சியைப் பனிக்கட்டித் தட்டில் ஊற்றி உறைய வைத்தால் ஒரு வேளைக்கு ஒரு கட்டி என்று எடுக்கலாம்.

வலி மருந்து மருத்துவர் கொடுத்தது மட்டும்தான். நம் மருந்துப் பெட்டியில் இருக்கும் பாரசிட்டமாலும் இபுபுரூஃபனும் ஃபெரட்டுக்கு விஷம். குறிப்பாக இபுபுரூஃபன் ஒரு மாத்திரையே இந்தச் சிறிய உடம்பை வலிப்புக்கும் கோமாவுக்கும் கொண்டுபோய்விடும். பத்து நாளைக்கு ஏணியும் சாய்தளமும் மேல் தட்டும் இல்லாத ஒரே தளக் கூண்டில்தான் வைக்க வேண்டும். தூளியை அவிழ்த்துவிட்டு, தரையிலேயே பழைய டி-சர்ட்டைப் படுக்கையாகப் போடுங்கள். தையலைத் தினமும் காலையில் வெளிச்சத்தில் பாருங்கள். விளிம்பு சிவந்து வீங்கி ஈரம் கசிந்தால் அன்றே காட்ட வேண்டும். அறுவை முடிந்த மூன்றாம் நாள் நான் நிம்மதியாக மூச்சு விட்டது ஒரு காரணத்துக்காகத்தான்: சிறு விரல் தடிமனில், பழுப்பு நிறத்தில், முழுதாக ஒரு மலம். அதைப் பார்த்து அழுதேன் என்று சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை.

இவ்வளவும் ஒரு பொத்தானால் வந்தது. இரண்டு வயதுக்குட்பட்ட ஃபெரட்டுகளுக்கு ரப்பர் மேல் அப்படி ஒரு பைத்தியம். மென்மையாக, கடித்தால் பிய்ந்து வருவது எதுவாக இருந்தாலும் விழுங்கும். ரிமோட் பொத்தான், காதில் செருகும் இயர்போன் முனை, அழிப்பான், செருப்பின் அடிப்பகுதி, குளிர்பதனப் பெட்டிக் கதவின் ரப்பர், சிலிக்கான் கைபேசி உறை, மெத்தைக்குள் இருக்கும் நுரைப்பஞ்சு, குழந்தைகளின் ரப்பர் பொம்மை என்று பட்டியல் வீட்டுக்கு வீடு நீளும். நாய்களுக்கென்று விற்கும் ரப்பர் பொம்மைகளும் இதில் அடக்கம். கடினமான பிளாஸ்டிக் பந்து, தடித்த துணி, அட்டைப் பெட்டி, வளைந்து போகும் குழாய் போதும். அறையைச் சோதிக்கத் தரையில் படுத்து, அதன் கண் உயரத்தில் சுற்றிப் பார்க்க வேண்டும். நின்று பார்த்தால் பாதிதான் தெரியும். தலை நுழைந்தால் உடம்பும் நுழையும். 2.5 செண்டிமீட்டருக்கு மேல் உள்ள எந்த இடைவெளியையும், குட்டிகள் இருந்தால் அதைவிடச் சிறியதையும், பலகையோ கம்பி வலையோ வைத்து மூடுங்கள். பஞ்சோ துணியோ அடைத்தால் அதையே தின்னும். கூண்டுக் கம்பிகளின் இடைவெளியும் அந்த அளவைத் தாண்டக் கூடாது. சாய்ந்து விரியும் நாற்காலி, மடித்து வைக்கும் கட்டில் இவற்றின் இயக்குக் கம்பிகளில் சிக்கி நசுங்கிச் சாவது ஃபெரட் வளர்ப்பவர்கள் எல்லோரும் பயப்படும் சாவு. ஃபெரட் உலவும் அறையில் அந்த நாற்காலியே இருக்கக் கூடாது என்பது என் முடிவு. துணி துவைக்கும் எந்திரத்தை ஓடவிடும் முன் அழுக்குத் துணியை ஒவ்வொன்றாக உதறிப் போடுங்கள். ஒரு நாளில் 14 முதல் 18 மணி நேரம் தூங்கும் பிராணி இது, தூக்கத்தில் அடித்துப்போட்டது போலக் கிடக்கும், துணிக் குவியலுக்குள் இருந்தால் அசைவே தெரியாது.

தீனி விஷயத்தில் நான் செய்த தப்பு வேறு வகை. நல்ல தீனிதான் கொடுத்தேன், ஆனால் பிறந்ததிலிருந்து ஒரே ஒரு தீனி. ஃபெரட் முழு மாமிச உண்ணி. அதன் தீனியில் மாமிசத்திலிருந்து வரும் புரதம் 35 சதவீதத்துக்குக் குறையாமலும், கொழுப்பு 15 முதல் 20 சதவீதமும், நார்ச்சத்து 3 சதவீதத்துக்குக் கீழேயும் இருக்க வேண்டும். சேர்மானப் பட்டியலில் முதல் மூன்று பெயரில் பட்டாணியோ சோளமோ அரிசியோ வந்தால் அந்தப் பையை வைத்துவிடுங்கள். தாவரப் புரதத்தால் சதவீதத்தைத் தூக்கிக் காட்டிய தீனியில் ஃபெரட்டின் உடம்புக்குப் பிடிபடுவது கொஞ்சம்தான், சிறுநீர்ப்பையில் கல்லும் வரலாம். ஆனால் இதில் யாரும் சொல்லாத பகுதி ஒன்று உண்டு. எது தீனி, எது தீனி இல்லை என்பதை ஃபெரட் பிறந்த முதல் சில மாதங்களில் மணத்தை வைத்துத் தீர்மானித்துவிடும். ஆறு மாதத்துக்குப் பிறகு புது மணம் அதற்குத் தீனியாகவே தோன்றாது, பக்கத்தில் பட்டினி கிடக்கும். அறுவைக்குப் பிறகு நான் ஊட்டிய கஞ்சியை முதல் இரண்டு நாள் அது துப்பித் துப்பித் தள்ளியதற்கு இதுதான் காரணம். குட்டியாக இருக்கும்போதே இரண்டு மூன்று வகைத் தீனியைக் கலந்து பழக்குங்கள். கஞ்சியையும் வாரம் ஒருமுறை ஒரு கரண்டி விருந்து போலக் கொடுத்துப் பழக்கி வைத்தால், நோய் வந்த நாளில் சிரிஞ்சோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்காது. வளர்ந்ததற்குத் தீனியை மாற்றுவதென்றால் பழையதில் பத்தில் ஒரு பங்கு புதியதைக் கலந்து, மூன்று நான்கு வாரம் எடுத்துக்கொண்டு மெல்ல ஏற்ற வேண்டும். பழம், திராட்சை வற்றல், பால், இனிப்பு எதுவும் வேண்டாம். ஆசையாக வாங்கித் தின்னும் என்பது உண்மை, அதைச் செரிக்க அதன் குடலில் வழியில்லை என்பதும் உண்மை.

இப்போது வாரம் ஒருமுறை ஒரே நாளில், ஒரே நேரத்தில் எடை பார்க்கிறேன். சமையலறைத் தராசில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை வைத்து, பூஜ்யமாக்கி, அதற்குள் விட்டு இரண்டு சொட்டு மீன் எண்ணெய் வைத்தால் நக்கி முடிக்கும் வரை அசையாது. எழுதி வைக்க ஒரு நோட்டு. குளிர்காலத்துக்கு முன் எடை ஏறுவதும் வெயில் தொடங்கும்போது இறங்குவதும் இயல்பு. அந்த ஏற்ற இறக்கம் உடம்பின் எடையில் 30, 40 சதவீதம் வரைகூட இருக்கும். அதனால் ஒரு எண்ணை மட்டும் பார்த்துப் பயப்படவோ நிம்மதி அடையவோ கூடாது. மாதக்கணக்கில் மெல்ல இறங்குவது பருவம், ஒரே வாரத்தில் பத்தில் ஒரு பங்கு இறங்கினால் நோய். என்னிடம் அப்போது இந்த நோட்டு இருந்திருந்தால் இரண்டாம் நாளே தெரிந்திருக்கும்.

முதல் நாள் வெயில் என்று நினைத்தேன் அல்லவா, அந்தச் சந்தேகம் முற்றிலும் தப்பும் அல்ல. ஃபெரட்டுக்கு வியர்க்காது. 15 முதல் 21 டிகிரி வரை அதற்குச் சுகம், 27ஐத் தாண்டினால் ஆபத்து தொடங்குகிறது. காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் அதற்கும் முன்பே. வாயைத் திறந்து இரைத்தால், மூக்கும் பாதமும் சிவந்து சூடாக இருந்தால், தள்ளாடினால், வெயில் தாக்கிவிட்டது. பாதங்களையும் தொடை இடுக்கையும் வயிற்றையும் குளிர்ந்த நீரால் நனைத்து, விசிறிக் காற்றில் வைத்து, உடனே கிளம்ப வேண்டும். பனிக்கட்டி நீரில் முக்கினால் தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கி வெப்பம் உள்ளேயே தங்கிவிடும். மின்விசிறி மட்டும் போதும் என்று விட்டுவிட்டுப் போகாதீர்கள், வியர்க்காத உடம்பைக் காற்று மட்டும் பெரிதாகக் குளிர்விக்காது. உறைய வைத்த தண்ணீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றிக் கூண்டில் வைத்தால், அதன் மேல் போய்ப் படுத்துக்கொள்ளும்.

தடுப்பூசியில் தாமதமே கூடாது. நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் ஃபெரட்டுக்கு வந்தால் ஏறக்குறைய நிச்சயமான சாவு. தாடையில் சொறி, கண்ணில் பீளை, பாதம் தடித்துக் கெட்டிப்படுவது என்று அடையாளம் தெரியும்போது செய்ய ஒன்றும் மிஞ்சியிருக்காது. நம் செருப்பிலும் துணியிலும்கூட அது வீட்டுக்குள் வரலாம் என்பதால், வெளியே போகாத ஃபெரட்டுக்கும் ஊசி வேண்டும். பிறந்த 8, 11, 14ஆம் வாரங்களில், பிறகு ஆண்டுதோறும். வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாதம் முடிந்ததும், பிறகு ஆண்டுதோறும். இரண்டையும் ஒரே நாளில் போடாமல் இரண்டு மூன்று வாரம் இடைவெளி விடுங்கள். ஊசி போட்ட பிறகு மருத்துவமனையிலேயே அரை மணி நேரம் காத்திருங்கள். சில ஃபெரட்டுகளுக்கு அந்த நேரத்துக்குள் வாந்தி, ரத்தக் கழிச்சல், முகம் வீங்குவது என்று ஒவ்வாமை வரும், அங்கேயே இருந்தால் காப்பாற்றிவிடலாம். கொசு உள்ள இடங்களில் இதயப்புழுவுக்கான மாதாந்திர மருந்தும் தேவை. ஃபெரட்டின் இதயம் அவ்வளவு சிறியது, ஒன்றிரண்டு புழுவே கொன்றுவிடும். இன்னொன்று, நமக்கு ஃபுளூ வந்தால் அதற்கும் வரும். 1933இல் மனித இன்ஃபுளுவென்சா வைரஸை முதன்முதலாகப் பிரித்தெடுக்க முடிந்ததே ஃபெரட்டுகளுக்கு அது தொற்றியதால்தான். பிறகு ஃபெரட்டிலிருந்து ஆய்வாளருக்கே திரும்பத் தொற்றியதும் பதிவாகியிருக்கிறது. காய்ச்சல் இருக்கும் நாட்களில் முகக்கவசமும் கழுவிய கையும் இல்லாமல் கூண்டைத் திறக்காதீர்கள்.

குட்டி வயதில் ரப்பர் என்றால், மூன்று வயதுக்கு மேல் வேறு இரண்டு நோய்கள் காத்திருக்கின்றன. இவற்றை முன்னாலேயே படித்து வைத்திருப்பவர்கள் குறைவு. ஒன்று கணையத்தில் வரும் இன்சுலின் கட்டி. விழித்தபடியே எங்கோ வெறித்துப் பார்க்கும், பின்னங்கால் இழுபடும், எச்சில் வடியும், தூக்கத்திலிருந்து எழுப்பினால் எழாது. ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 60 மில்லிகிராமுக்குக் கீழே போயிருக்கும். அந்த நேரத்தில் தேனைப் பஞ்சில் தொட்டு ஈறில் தடவுங்கள், வாயில் ஊற்றக் கூடாது, விரலையும் பல்லுக்கு நடுவே வைக்கக் கூடாது. நினைவு திரும்பியதும் உடனே மாமிசக் கஞ்சி. தேனோடு நிறுத்தினால் கட்டி இன்னும் இன்சுலினைச் சுரந்து, சர்க்கரை முன்னைவிடக் கீழே போகும். இன்னொன்று அட்ரினல் சுரப்பி நோய். வாலில் தொடங்கி முதுகு வரை முடி கொட்டும், அரிக்கும், பெண்ணுக்குப் பிறப்புறுப்பு வீங்கும். ஆணுக்குப் புரோஸ்டேட் வீங்கிச் சிறுநீர் அடைத்துக்கொண்டால் அது மணிக்கணக்கில் உயிர் போகும் அவசரம். ஹார்மோன் சுரப்பை அடக்கும் டெஸ்லோரெலின் என்ற மருந்தின் 4.7 மில்லிகிராம் வில்லையைத் தோலுக்கடியில் பதிய வைப்பது பெரும்பாலானவற்றுக்கு ஓராண்டுக்கு மேல் அடக்கி வைக்கிறது. வீட்டு விளக்கு இரவு வெகுநேரம் எரிவதும் இந்த நோயோடு சம்பந்தப்பட்டது. கூண்டுக்கு மேல் கனத்த துணி போட்டு 12, 14 மணி நேரமாவது முழு இருட்டு கொடுங்கள். இனப்பெருக்கத் தடை செய்யாத பெண் ஃபெரட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அது பருவத்துக்கு வந்தால் இணை சேரும் வரை பருவம் தானாக இறங்காது. பிறப்புறுப்பு வீங்கியபடியே ஒரு மாதத்துக்கு மேல் போனால், நிற்காமல் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் எலும்பு மஜ்ஜையை அழித்து ரத்தசோகையில் கொன்றுவிடும். இரண்டு வாரத்துக்குள் மருத்துவரிடம் போய் ஊசியாலோ டெஸ்லோரெலினாலோ பருவத்தை இறக்க வேண்டும்.

வாடை பற்றிச் சுருக்கமாக. அடிக்கடி குளிப்பாட்டினால் தோல் காய்ந்து, எண்ணெய்ச் சுரப்பிகள் இன்னும் அதிகம் சுரந்து, நாற்றம் கூடும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு குளியல் போதும். படுக்கைத் துணியை வாரம் ஒருமுறை துவைத்தால் பாதி வாடை போய்விடும். மலத்தட்டில் அழுத்திய காகித உருண்டை போடுங்கள். தண்ணீர் பட்டால் இறுகும் பூனை மண்ணும், தேவதாரு, பைன் மரத்தூளும் மூச்சுக்கும் குடலுக்கும் கெடுதி. எழுந்த பத்து பதினைந்து நிமிடத்துக்குள் மூலையைப் பார்த்துப் பின்வாங்கும் பழக்கம் அதற்கு உண்டு. அதுவரை கூண்டிலேயே வைத்திருந்துவிட்டு வெளியே விட்டால் தரை தப்பும். நகம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வயிற்றில் எண்ணெய் தடவி அதை நக்கும்போது வெட்டலாம். காது மெழுகு செம்பழுப்பாக இருப்பது இயல்பு, காப்பித்தூள் போலக் கறுத்துச் சொரிந்தால் காதுப் பூச்சி.

கடைசியாக, கதவுக்குப் பக்கத்தில் இப்போது தயாராக இருக்கும் பை. பூட்டும் சிறு பயணக் கூண்டு, இரண்டு துண்டு, கைப்பிடிச் சூட்டுப் பை, 5 மற்றும் 10 மில்லி சிரிஞ்சுகள், நோயுற்றகால மாவு ஒரு பாக்கெட், சிறு குப்பித் தேன், டிஜிட்டல் வெப்பமானி, மலத்தை எடுத்துப் போக மூடியுள்ள டப்பா. அதோடு இரண்டு மருத்துவமனைகளின் எண்கள், ஒன்று பகலுக்கு, ஒன்று இரவுக்கு. எடை நோட்டின் கடைசிப் பக்கத்தில் மூன்று வரி மட்டும் எப்போதும் காலியாக விட்டிருக்கிறேன்: கடைசியாகத் தின்ற நேரம், கடைசியாக மலம் போன நேரமும் அதன் நிறமும், வீட்டில் காணாமல் போன பொருள். நான்காம் நாள் காலை மருத்துவர் கேட்ட முதல் மூன்று கேள்வி இவைதான். அன்று ஒன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. மூன்றாவதற்கு மட்டும், ரிமோட்டைக் கையில் எடுத்துப் பார்த்த பிறகு, அன்று சாயங்காலம் பதில் கிடைத்தது.